செருப்பின் தீட்டு எங்கே இருக்கிறது?

1

பூமணியின் 'பிறகு' 1979இல் வெளிவந்தது. அதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கரிசல் மொழி, யதார்த்தவாதம், தலித் வாழ்க்கை என்ற மூன்று சொற்களைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. மூன்றும் சரியான சொற்கள்தான். ஆனால் நாவலின் மையத்தில் நிற்கிற அழகிரி என்ன வேலை செய்கிறான் என்ற சாதாரணக் கேள்வி அந்தப் பேச்சில் அடிபட்டுப் போய்விடுகிறது. அழகிரி தோல் தைக்கிறவன். ஊர்க்காலுக்குச் செருப்பும் கிணற்றுக்குக் கமலைத் தோலும் அவன் கையிலிருந்து வந்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சம்சாரி முள்ளுக்காட்டில் இறங்க முடியாது, தண்ணீர் இறைக்க முடியாது. அப்படிப்பட்டவனை ஊர் தன் எல்லைக்கு வெளியே குடிவைத்திருக்கிறது. இதை 'முரண்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது நமக்குக் கைவந்த கலையாகிவிட்டது. நான் அங்கேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

ஏன் வெளியே வைத்தார்கள் என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. தோல் தீட்டு; செத்த மாட்டின் தோல்; அதைத் தொடுகிறவனும் தீட்டு. சாதிக்காரர் இதைச் சொல்கிறார். சாதியை எதிர்த்து எழுதுகிறவரும் பல சமயங்களில் இதையே சொல்கிறார். கூடவே 'இது மூடநம்பிக்கை' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது தீட்டு பொருளில் இருக்கிறது, பொருளிலிருந்து அது ஆளுக்குத் தொற்றுகிறது என்ற அடிப்படையை இரண்டு தரப்பும் ஏற்றுக்கொள்கின்றன. இந்த அடிப்படை தவறு என்பதே என் வாதம். இதை மறுக்கத் தத்துவம் பெரிதாகத் தேவையில்லை. செருப்பு எந்தெந்தப் பொருளால் செய்யப்பட்டு வந்திருக்கிறது, அந்தப் பொருள் யார் காலில் என்னவாக நடத்தப்பட்டது என்று பார்த்தாலே போதும்.

எனக்குத் தெரிந்த மண்ணை வைத்துத்தான் பேச முடியும். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஊர்கள் அவை. மேற்கே மலை, கிழக்கே போகப் போகக் கரிசல். ஒரு முனையில் 1936இல் தொடங்கிய பஞ்சாலையும் அதைச் சுற்றி வளர்ந்த ஆலைகளும். மறு முனையில் பதினொரு நிலைக் கோபுரத்தோடு ஆண்டாள் கோயில். நடுவிலே, ஒவ்வொரு ஊரிலும் கடைசித் தெருவுக்கு அப்பால், பகடைக்குடி.

2

முதலில் பழைய பிரதிகள். சங்கப் பாட்டுகளில் செருப்பு சகஜமாக வருகிறது. 'தொடுதோல்' என்பது அதற்கு ஒரு பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வழிநடக்கும் வணிகர்கள் அடியை மூடும் காப்பு அணிந்திருக்கிறார்கள். அதே பாட்டில் இடையனுடைய காலில் தோல் செருப்பு உராய்ந்து உராய்ந்து வடு விழுந்திருக்கிறது. அந்த வடுவைப் புலவர் உழைப்பின் அடையாளமாகச் சொல்கிறார். அருவருப்பு எதுவும் அங்கே இல்லை. பதிற்றுப்பத்தில் 'செருப்பு' என்பது ஒரு மலையின் பெயர். காலில் மிதிபடும் செருப்பு அல்ல, மலை என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததே தவிர, மலைக்கு இந்தப் பெயரா என்று யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

தோலின் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால் முரசைப் பார்க்க வேண்டும். காளையின் தோலைப் போர்த்திய முரசு அரசனின் உரிமைப் பொருள். அதற்கு நீராட்டு உண்டு, பூச்சூட்டு உண்டு, படுக்கத் தனிக் கட்டில் உண்டு. அந்தக் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாரைச் சேரன் வெட்டாமல் விசிறிவிட்ட கதை புறநானூற்றின் 50ஆம் பாட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் புலவருக்குக் கிடைத்த மரியாதையின் கதையாக அதைப் படித்தோம். மாட்டுத்தோலுக்குக் கிடைத்த மரியாதையின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

இப்போது புறம் 82க்கு வாருங்கள். சாத்தந்தையார் ஒரு போரின் வேகத்தைச் சொல்ல வேண்டும். உவமைக்கு அவர் எடுப்பது கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒருவனின் கையிலுள்ள ஊசி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் அவன் ஊசி பறக்கிறது. ஒரு தொழிலாளியின் ஒரு நாளை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த பாட்டுகள் குறைவு. ஆனால் அந்த ஆளுக்குப் பாட்டு வைத்திருக்கும் பெயர் 'இழிசினன்'.

கவனிக்க வேண்டியது இதுதான். தோலுக்கு இழிவில்லை. செருப்புக்கு இழிவில்லை. முரசின் தோலுக்குப் பூசையே இருக்கிறது. தைக்கிற கைக்கு மட்டும் இழிவு வந்துவிட்டது. பொருளின் தீட்டு ஆளுக்குத் தொற்றியது என்ற வரிசை இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. ஆள் முதலில் கீழே தள்ளப்பட்டான். அவன் கையிலிருந்த பொருளைக் காரணமாகக் காட்டுவது பிறகு வந்தது.

3

இரண்டாவது, கோயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவிக்கப் போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். உள்ளே போனதும் தீர்த்தம், துளசி, அப்புறம் தலையில் சடாரி. வைணவக் கோயில் எல்லாவற்றிலும் உள்ளதுதான். சடாரியின் உச்சியில் இருப்பவை பெருமாளின் திருவடிகள். நம்மாழ்வாரே அந்தத் திருவடி நிலை என்பதால் அவர் பெயரான சடகோபன் அதற்கும் பெயராயிற்று. வாசலில் கால்செருப்பைக் கழற்றியவரின் தலையில் உள்ளே சாமியின் பாதம் ஏறுகிறது. இது பக்தியின் அழகு என்று சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு இங்கே முக்கியம், காலில் இருப்பதாலேயே ஒன்று தாழ்ந்தது ஆகிவிடுவதில்லை என்பது. யாருடைய கால் என்பது முன்னதாகவே முடிவாகியிருக்க வேண்டும்.

பாதுகைக்கு இந்த மரபில் உள்ள இடம் சாதாரணமானதல்ல. ராமனின் பாதுகை 14 வருஷம் அயோத்தியை ஆண்டது. வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைமேல் 1008 சுலோகங்கள் பாடி அதற்குப் 'பாதுகா சகஸ்ரம்' என்று பெயரிட்டார். உடனே ஒரு சமாதானம் வரும்: 'அது மரப்பாதுகை, பொன் பாதுகை, தோல் இல்லையே.' துறவிகள் குமிழ் வைத்த கட்டைச் செருப்பு போடுவதும் இதனால்தானே என்பார்கள். அதாவது தீட்டு பொருளில்தான் இருக்கிறது என்று மறுபடியும் பழைய இடத்துக்கே நம்மை இழுப்பார்கள்.

சரி, தோலுக்கே வருவோம். கரூர் தாந்தோன்றிமலையில் வேங்கடரமணப் பெருமாளுக்குத் தோல் செருப்பு செய்து காணிக்கை தருகிறார்கள். பெரிய பெரிய செருப்புகள். பெருமாள் கனவில் வந்து அளவு சொல்லுவார், செருப்பு தைக்கும் குடியைச் சேர்ந்தவர் அந்த அளவுக்குத் தைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார் என்பது நம்பிக்கை. பெருமாள் காலுக்குப் போகும்போது தோல் தோலாகவே போகிறது. மரமாகவோ பொன்னாகவோ மாற வேண்டியிருக்கவில்லை.

சைவப் பக்கம் கண்ணப்பர் இருக்கிறார். வேட்டுவத் திண்ணன் செருப்புக் காலால் லிங்கத்தின் மேலிருந்த பழைய பூவைத் தள்ளுகிறான். இரண்டாவது கண்ணை எடுக்கும்போது இடம் தெரிய வேண்டுமே என்று சாமியின் கண்மேலேயே காலை ஊன்றிக்கொள்கிறான். பெரியபுராணம் இதைக் கொண்டாடுகிறது, திருவாசகமும் அந்தச் செருப்புக் காலைச் சிறப்பித்துப் பேசுகிறது. அன்பு இருந்தால் செருப்பும் தீட்டில்லை என்பது இதன் பொருள் என்று உரை சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, செருப்புக் காலோடு சன்னிதிக்குள் ஏறியவனிடம் மரபு கேட்ட விலை இரண்டு கண். அந்த விலையைக் கொடுத்தவன் நாயனாராகிறான். கொடுக்காமல் சும்மா செருப்போடு நடந்து போக நினைத்தவர்களுக்கு மரபில் கதை இல்லை.

இன்றைய உதாரணமும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்கிறது. ஆசாரமான வித்துவான் தினமும் விரலால் அதைத் தொடுகிறார். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. மேடையில் தோல் இருக்கலாம், அதைப் பற்றிய பேச்சு அந்த அரங்கில் இருக்கக் கூடாது.

4

இனிக் கரிசலுக்கு வரலாம். தோலின் பெரிய உபயோகம் நம் பக்கத்தில் செருப்பு அல்ல, கிணறு. இரண்டு மாடு பூட்டி இறைக்கும் கமலையில் இரும்புக் கூனைக்கு அடியில் நீளமான தோல் வால் கட்டியிருக்கும். தும்பி என்றும் சொல்வார்கள். கூனையை வடம் இழுக்கும், வாலைத் தனியாக ஒரு சின்னக் கயிறு இழுக்கும். கூனை மேலேறும்வரை வால் மடங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். விளிம்புக்கு வந்ததும் விரிந்து தொட்டியில் கொட்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை மடங்கி விரிகிற தோல் அது. ஒழுகக் கூடாது, விறைக்கக் கூடாது, அழுகக் கூடாது. தோலைப் பதமாக்கத் தெரிந்தவனால் மட்டுமே ஆகிற காரியம்.

பதமாக்குவது எப்படி? செத்த மாட்டை எடுத்துப் போவது பகடையின் கடமை. ஊர் அதை உரிமை என்றும் சொல்லும். இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் சாதி இருக்கிறது. உரித்த தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு மயிரைக் கழிப்பார்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறல். பட்டையின் துவர்ப்பு தோலின் உள்ளே இறங்க வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் எண்ணெய் தேய்த்து மிதித்துப் பதமாக்குவார்கள். இந்த வேலையை இளம் வயதில் செய்த ஒரு பெரியவரிடம் எத்தனை நாள் ஆகும் தாத்தா என்று கேட்டேன். "நாளுக்கணக்கெல்லாம் கெடையாது தம்பி. ஓரத்துல ஒரு கீறு கீறிப் பாக்கணும். நடுவுல வெள்ள தெரிஞ்சா இன்னும் ஊறல. உள்ளயும் வெளியயும் ஒரே நெறமாயிட்டா எடுத்துரலாம்" என்றார். குறுக்குவெட்டில் நிறத்தைப் பார்த்துப் பதம் அறிவது தோல் ஆய்வுக்கூடத்தில் இன்றும் செய்கிற சோதனை. ஆய்வுக்கூடத்தில் செய்தால் விஞ்ஞானம். குழிக்கரையில் செய்தால் குலத்தொழில்.

எருமைத் தோலில் அடித்தட்டு, மெல்லிய தோலில் வார், கட்டைவிரலுக்கு ஒரு வளையம். அகலக் கத்தி, குத்தூசி, கொட்டாப்புளி. கருவேல முள்ளுக்கு ஈடுகொடுக்கும்படி அடியில் இரண்டு மூன்று அடுக்கு வைத்துத் தைத்த செருப்பு அது. கூலி காசாக இல்லை, களத்தில் தானியமாக. எத்தனை மரக்கால் என்பதைச் சம்சாரியின் மனசு தீர்மானிக்கும்.

இந்த இடத்தில் என் கேள்வியை மறுபடியும் வைக்கிறேன். கமலைத் தண்ணீர் தோலுக்குள் இருந்துதான் வருகிறது. பகடை உரித்து, பகடை ஊறவைத்து, பகடை தைத்த மாட்டுத்தோல். அந்தத் தண்ணீர் பயிருக்குப் பாய்ந்தது. வெயிலில் இறைக்கிற சம்சாரி தொட்டியில் கையேந்திக் குடித்தார். தீட்டு இல்லை. அதே பகடை தாகத்துக்கு அதே கிணற்றில் இறங்கினால் தீட்டு. பொருளில் தீட்டு இருந்தால் முதலில் கெட்டிருக்க வேண்டியது அந்தத் தண்ணீர். கெடவில்லை. ஏனென்றால் அது கெட்டால் விவசாயம் நின்றுபோகும். தீட்டுக்குத் தன் லாபநஷ்டக் கணக்கு நன்றாகவே தெரியும்.

காலனி அரசுக்கும் இந்தத் தோல்மேல் கண் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறைப் பதனிடலைச் சோதித்தபோது அவர் மனதில் இருந்தவற்றில் ஒன்று நீர் இறைக்கும் தோல். பட்டையில் பதனிட்ட தோலைவிடக் குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் ஏற்கெனவே லண்டன் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்சுக்காக அரசே அதை மொத்தமாக வாங்கியது. ஐரோப்பாவின் போர்க்களத்தில் நடந்த கால்களில் நம் ஆவாரங்காட்டின் துவர்ப்பு இருந்தது. அதை உரித்தவனுக்குத் தன் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க உரிமை இல்லை.

அப்புறம் கரண்டு வந்தது. 1950களிலும் 60களிலும் சென்னை மாநிலம் கிராம மின்சாரத்தில் முன்னணியில் நின்றது. பம்புசெட்டு வந்த கிணற்றில் கமலை கழன்றது. கமலை கழன்றதும் களத்துத் தானியமும் நின்றது. காமராஜர் காலத்து வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதுவதில்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் தொழிலறிவு முழுவதும் உபயோகமற்றதாயிற்று. இழிவு மட்டும் அப்படியே மிஞ்சியது. தோல் வேலை போன இடத்தில் நகராட்சியின் துடைப்பம் காத்திருந்தது.

5

தோலை நகர்த்திவிட்டு ரப்பர் வந்தது. முதலில் டயர் செருப்பு. பழைய லாரி டயரை அறுத்து வார் வைத்தது. அதையும் அதே கைதான் தைத்தது. பாட்டா கம்பெனி வங்காளத்தில் பாட்டாநகரை 1930களில் கட்டியது. ஜப்பானியரின் வைக்கோல் செருப்பைப் பார்த்து உண்டான ரப்பர் 'ஹவாய்' உலகம் பூராவும் பரவி, 1960களுக்குப் பிறகு நம் ஊர்க் கடைகளிலும் தொங்கியது. 1975இல் கோட்டயத்தில் பாரகன் தொடங்கியது. சீமைக்கருவேல முள் அதில் சுலபமாக ஏறிவிடும். ஆனால் விலை குறைவு, மழையில் ஊறாது, யாரிடமும் சொல்லித் தைக்க வேண்டியதில்லை.

இந்த ரப்பர் செருப்பை ஒரு சோதனையாகப் பார்க்கச் சொல்கிறேன். அதில் மாடு இல்லை. சாவு இல்லை. பகடையின் கை இல்லை. எந்திரத்தில் அச்சடித்து வருகிற சாமான். தோல்தான் தீட்டு என்றால், ஹவாய் செருப்பு போட்ட தலித்தை ஊர்த்தெரு தடுக்கக் காரணமே இல்லை. தடுத்தது. இன்னும் சொன்னால், தோல் செருப்புக் காலத்தில் பலருக்குச் செருப்பே கிடையாது. ரப்பர் வந்து எல்லோருக்கும் எட்டும் விலையில் செருப்பு கிடைத்தபிறகுதான் தடை கண்ணில் படும்படி ஆயிற்று. எங்கள் பக்கத்து ஊர்களில் தெருமுனை வந்ததும் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்ததும் போட்டுக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள் வைத்திருந்தவர் இறங்கி உருட்டிக்கொண்டு போனார். பெண்களுக்கு இரட்டைத் தடை. "பொம்பளைக்கு எதுக்குச் செருப்பு" என்ற கேள்வி மேல்தெருவிலும் கேட்டது, கீழ்த்தெருவிலும் கேட்டது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2013இல் உசிலம்பட்டி பக்கம் வடுகபட்டியில் செருப்புப் போட்டுத் தெருவில் போன ஒரு தலித் சிறுவனை அந்தச் செருப்பைத் தலையில் சுமந்து நடக்க வைத்தார்கள். சடாரி ஏறும் அதே தலை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், கம்பள நாயக்கன் தெருவில், அருந்ததியர் சுமார் 60 பேர் முதல்முறையாகச் செருப்புக் காலோடு நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் கூட நடந்தார்கள். அந்தத் தெருவின் அடியில் மந்திரித்த பொம்மை புதைத்திருக்கிறது, செருப்புப் போட்டு நடக்கும் தாழ்த்தப்பட்டவர் மூன்று மாதத்தில் செத்துப்போவார் என்று அங்கே ஒரு கதை உலவியிருக்கிறது. கதையை நன்றாகக் கவனியுங்கள். தோல் என்ற சாக்கு அதில் இல்லவே இல்லை. ரப்பர் காலத்தில் அந்தச் சாக்கு செல்லாது என்று தெரிந்ததும் பூமிக்குள் ஒரு பொம்மையைப் புதைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஊருக்கே செருப்பு தைத்த சமூகம், ஒரு தெருவில் செருப்போடு நடக்க 2023 வரை காத்திருந்தது.

சட்டம் இதைக் கொஞ்சம் தாமதமாகவாவது புரிந்துகொண்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015 திருத்தத்தில்தான் பொதுவிடத்தில் செருப்பு அணிவதையும், புது உடுப்பு உடுத்துவதையும், சைக்கிள் ஏறிப் போவதையும் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. செருப்பு மாலை போடுவதும் அதே திருத்தத்தில் குற்றமாக வந்தது. செருப்பு என்கிற சொல் சட்டப் புத்தகத்துக்குள் நுழைய அறுபத்தைந்து வருஷக் குடியரசு தேவைப்பட்டிருக்கிறது.

6

இன்னொரு பக்கமும் பார்த்தாக வேண்டும். தோல் மூலதனமாக மாறும்போது என்ன ஆகிறது? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல்லில் தோல் பெரிய தொழில். 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. எல்லாச் சாதியிலும் பிறந்த விஞ்ஞானிகள் அங்கே மாட்டுத்தோலை ஆராய்ந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தீட்டுக் குளித்ததாகக் கேள்வியில்லை. தோலில் லாபமும் பட்டமும் சேர்ந்ததும் தோலின் இழிவு கழுவப்பட்டுவிடுகிறது. குழியில் இறங்குகிறவனுக்கு அது கழுவப்படுவதில்லை. பட்டைக் குழியின் இடத்தில் குரோம் பீப்பாய் உருண்டது. வாரங்கள் ஒரு நாளாகச் சுருங்கின. கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

இந்தச் சேதத்தைப் பார்த்த நம்மில் சிலர் மறுபடியும் ஆவாரம்பட்டைக்குத் திரும்பலாம் என்கிறார்கள். இயற்கைப் பதனிடல், கைத்தையல், மரபறிவு. சூழல் நோக்கில் நியாயமாகத் தெரிகிற பேச்சு. ஆனால் இதில் ஒரு காந்திய மயக்கம் இருக்கிறது. காந்தி தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்பு தைக்கக் கற்றார். தன்னைச் சிறையில் போட்ட ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் செயலின் மேன்மையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் ஊசியைக் கையில் எடுத்தார், வேண்டாத நாளில் கீழே வைக்கவும் அவரால் முடியும். அழகிரிக்கு அந்த இரண்டாவது வசதி இல்லை. அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டை இழுக்காதே என்று சொன்னது இதனால்தான். தொழிலின் அறிவு பெரியது என்று சொல்வதும், அந்தத் தொழிலில் யாரும் பிறப்பால் கட்டப்படக் கூடாது என்று சொல்வதும் ஒன்றோடொன்று மோதுகிற விஷயங்கள் அல்ல. முதலாவதை மட்டும் சொன்னால் அது பழைய களத்துத் தானியத்தில் போய் நிற்கும். இரண்டாவதை மட்டும் சொன்னால் அந்த மனிதர்களின் முன்னோர்க்கு அறிவே இருந்ததில்லை என்றாகிவிடும்.

7

கடைசியாக, நம்மைப் பற்றி. எழுதுகிறவர்கள், போராட்டத்தில் நிற்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம்மைப் பற்றி.

'செருப்பால அடிப்பேன்' என்பது தமிழில் பெரிய வசவு. அதற்குக் கூட்டாளி 'விளக்குமாத்தால அடிப்பேன்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அருந்ததியர் தைத்தது. மற்றது அவர்கள் கையில் நகராட்சி திணித்தது. கம்பால் அடித்தாலும் வலிக்கும், கல்லால் அடித்தாலும் வலிக்கும். அவமானம் சேர வேண்டுமானால் அந்தச் சமூகத்தின் வேலைச் சாமான் வேண்டியிருக்கிறது. இந்த அகராதியை வைத்துக்கொண்டுதான் நாமும் கொடும்பாவிக்குச் செருப்பு மாலை போடுகிறோம், தலைவர்களின் படத்தைச் செருப்பால் அடித்துப் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். எதிரியை இழிவுபடுத்த ஊர் வைத்திருக்கிற ஆயுதத்தை அப்படியே எடுத்து வீசினால், அந்த ஆயுதத்தின் அர்த்தத்தை நாமும் உறுதிப்படுத்துகிறோம். கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற அருந்ததியத் தோழருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும் என்று கேட்டிருக்கிறோமா?

1944இல் கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்கள். இயக்கத்தவர் சொல்கிற கதை ஒன்று உண்டு. ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர் வண்டியைத் திருப்பச் சொல்லி, இன்னொரு செருப்பையும் தேடி எடுத்தாராம். ஒற்றைச் செருப்பால் வீசினவனுக்கும் பிரயோசனமில்லை, நமக்கும் பிரயோசனமில்லை என்று. இந்தக் கதையைப் பெரியாரின் நகைச்சுவைக்கோ சிக்கனத்துக்கோ உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு காரியம் செய்கிறது. வசவாக வீசப்பட்ட ஒன்றை அவர் காலில் போடும் சாமானாகப் பார்த்திருக்கிறார். செருப்பு காலுக்கு, அது ஒரு ஜோடி, அதை யாரோ உழைத்துச் செய்திருக்கிறார்கள். தீட்டின் கதை முழுவதையும் எதிர்கொள்ள இந்தப் பார்வையே போதுமானது.

நம் விமர்சனத்துக்கும் அது தேவை. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களைப் பற்றி 1990களில் சிறுபத்திரிகைகளில் எழுதியபோது பெரும்பாலும் இரண்டு முனைகளையே பார்த்தோம். பகடைக்குடி அந்தப் படத்தில் விழவில்லை. 2009இல் தமிழ்நாட்டு அரசு அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டபோதும், ஆதரித்தவர்கள்கூட எண்ணிக்கையைப் பற்றியே பேசினார்கள். எண்ணிக்கை முக்கியம். ஆனால் கிணறும் காலும் முரசும் யாருடைய அறிவால் நின்றன என்ற கணக்கும் பேசப்பட வேண்டும். 'பிறகு'வைத் திரும்பப் படிக்கிறவர்கள் அதை இந்தக் கணக்கோடு படிக்கட்டும். தோல் வேலையின் சொற்களை, ஊறலின் பதத்தை, தைக்கும் முறையை, சொல்லத் தெரிந்த கடைசிப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பெயர் போட்டு எழுதி வைப்போம்.

இன்னும் கைமேல் ஒரு வேலை இருக்கிறது. 2013இல் வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் விதிகள் சாக்கடை, கழிவுத் தொட்டி வேலைக்குக் காலை முழுக்க மூடும் காலணி உட்படப் பாதுகாப்புச் சாமான்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் ஊரில் விடிகாலையில் சாக்கடை வாருகிறவரின் காலைப் பாருங்கள். ரப்பர் செருப்பா, வெறுங்காலா, பூட்ஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் இல்லையென்றால் நகராட்சி அலுவலகத்தில் போய் ஏன் என்று கேளுங்கள். செருப்பைப் பற்றி நாம் எழுதுகிற அடுத்த கட்டுரை அந்தப் பதிலிலிருந்து தொடங்கட்டும்.